இலையில் மீதி வைத்தால் திட்டுவார்

என் பேர் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கிறது. பேனாவால் கிறுக்கியது இல்லை, அச்சில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த நாலு வரியும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வருகிறவர்கள் எல்லாம் படித்துப் படித்துக் காட்டி மண்டையில் ஏற்றிவிட்டார்கள்.

நீலகிரியை நடந்தே பார்க்கிறவர்களுக்கான புத்தகம் அது. ஊட்டி ஏரியில் படகு, பூங்காவில் போட்டோ, திரும்பும்போது வர்க்கி பாக்கெட் என்று போகிறவர்களுக்கு அது ஆகாது. முதுகில் ஒரு பை, கையில் இந்தப் புத்தகம், கூட வழிகாட்ட ஆளே வேண்டாம் என்று தாங்களாகவே சுற்றுகிற ஒரு ஜாதி இருக்கிறதே, அவர்களுக்கு. எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது, எந்தப் பாறைக்குப் பிறகு இடது பக்கம் திரும்புவது எல்லாம் அதில் போட்டிருக்கும்.

அதில் எங்கள் ஊர் நடையும் ஒன்று. பிக்கட்டியிலிருந்து மஞ்சூர் போகிற ரோட்டில் ரெட்டை வளைவில் இறங்க வேண்டும். நஞ்சப்பன் தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, அணைத் தண்ணீர் தெரிகிற மொட்டைப் பாறை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். "இடுப்பளவு உயரத்தில் பச்சை ஜமுக்காளம் விரித்தது போலத் தேயிலை. உள்ளே நடக்கும்போது கண்ணுக்கு வேறு நிறமே தட்டுப்படாது" என்று எழுதியிருக்கிறது. திரும்பி வந்தால் வளைவிலேயே ஜானகி மெஸ். அந்த ஜானகி நான்தான்.

மெஸ்ஸைப் பற்றி எழுதியிருப்பது இவ்வளவுதான்: "சாப்பாடு சுடச்சுடக் கிடைக்கும். அரிசிம்பருப்புச் சோறு இருந்தால் விடாதீர்கள். இலையில் மீதி வைத்தால் திட்டுவார். பொருட்படுத்த வேண்டாம்."

கடைசி இரண்டு வரியை ரொம்ப நாள் யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கோ ஒரே ஆச்சரியம். இவ்வளவு படித்த ஜனங்கள், மலையேறி இறங்கிப் பசியோடு வருகிறவர்கள், ஏன் எல்லோரும் ஒரே மாதிரி இலையில் ஒரு கைப்பிடிச் சோற்றை வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள்? ஒரு வெள்ளைக்காரப் பெண் கேமராவைக்கூடக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம் போலக் கத்தினேன். அவள் கை தட்டினாள்.

பிறகு ஒரு கோயமுத்தூர்க் கல்லூரிப் பையன்தான் சிரித்துக்கொண்டே விஷயத்தை உடைத்தான். "அட கருமமே! என்னைய என்ன மிருகக்காட்சியா வெச்சிருக்குதா உங்க புஸ்தகம்?" என்று கேட்டேன். அவன் அதற்கும் சிரித்தான். எழுதினவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று அன்றைக்கு முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து என் வாயைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தப் புத்தகம் அதைப் பார்க்க பஸ் ஏறி வரச் சொல்கிறது.

இதெல்லாம் தேயிலை விலை நன்றாக இருந்த காலத்துச் சங்கதி. அதற்குப் பிறகு விலை விழுந்தது. கொஞ்ச நஞ்சமாகவா விழுந்தது! பச்சை இலை ஒரு கிலோ ஒரு கட்டுக் கீரையை விட மலிவாகப் போயிற்று. பறிக்கிற கூலிக்குக்கூட வராது என்று ஆனதும், சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இலை வராததால் பேக்டரிகள் மூடிக்கொண்டன. எங்கள் வீட்டுக்காரர் வேலுமணி அப்படி மூடின ஒரு பேக்டரியில்தான் கிளார்க்காக இருந்தார். சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்தவர், மெஸ் பெஞ்சில் உட்கார்ந்து தினத்தாளை விளம்பரம் உட்பட வாசிக்க ஆரம்பித்தார். கலகலவென்று பேசுகிற மனிதர் இல்லை அவர். அதற்கப்புறம் சுத்தமாகப் பேச்சு நின்றுபோயிற்று.

மெஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்த பேக்டரி ஆட்களும் லாரி டிரைவர்களும் காணாமல் போனார்கள். மிச்சம் இருந்தது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் மட்டும்தான். அவர்களை நம்பித்தான் அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன்.

அதிலும் மண் விழுந்தது. தேயிலையைச் செடி என்று சொல்கிறோமே தவிர அது மரம். பறித்துப் பறித்து, வெட்டி வெட்டி நாம்தான் அதை இடுப்பளவில் உட்கார வைத்திருக்கிறோம். கை வைக்காமல் விட்டதும் நஞ்சப்பன் தோட்டம் ஆள் உயரம் தாண்டிப் போயிற்று. பாதையே மூடிக்கொண்டது. நடக்கப் போனவர்கள் கையெல்லாம் கீறலோடு பாதியில் திரும்பி வந்தார்கள். சிலர் சாப்பிடாமலேயே அடுத்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்கள். புத்தகம் பொய் சொல்கிறது என்று யாரோ அந்தக் கம்பெனிக்கு எழுதியும் போட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் திருப்பூரிலிருந்து என் கொழுந்தனார் சொல்லி அனுப்பினார். பனியன் கம்பெனியில் அண்ணனுக்குக் கணக்கு வேலை, எனக்குப் பேக்கிங்கில் வேலை, தங்குவதற்குத் தன் வீட்டு மாடியில் ஒரு ரூம். நல்ல மனசோடுதான் கூப்பிட்டார், குறை சொல்லக் கூடாது. ஆனால் எனக்குப் போக மனசில்லை. இந்த மெஸ்ஸில் எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைப்பது, யாருக்கு எவ்வளவு சோறு, யாரைத் திட்டுவது எல்லாம் என் இஷ்டம். அங்கே போனால் கொழுந்தனார் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை.

"பொங்கல் வரைக்கும் பாப்பமுங்க," என்றேன் எங்கள் வீட்டுக்காரரிடம்.

"பொங்கல் வரைக்கும் பாத்துப்போட்டு?"

"அதுக்குள்ள ஒண்ணும் ஆகலீன்னா வாய மூடிட்டு வர்றேன்."

"நீயி? வாய மூடிட்டு?" என்றார். பல மாதம் கழித்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆவணி மாதத்தில் எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்கு ஒரு போன் வந்தது. பேசினவர் ஜஸ்டஸ். புத்தகத்தை எழுதின ஆள். புத்தகம் வந்த பிறகும் ஒருதரம் வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர். நாகர்கோவில்காரர், பெங்களூரில் இருக்கிறார். அடுத்த பதிப்புக்காக எல்லா நடையையும் மறுபடி நடந்து பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"அக்கா, உங்க ஊர் நடையைப் பத்தி நெறைய புகார். நான் வந்து பார்க்கிறேன். நடக்க முடியலேன்னா எடுத்துட்டு, குன்னூர்ப் பக்கம் வேற ஒண்ணு போட்டுருவோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"வாங்க சார், வாங்க. பாதையெல்லாம் ஜம்முனு இருக்குதுங்க," என்று வாய் கூசாமல் சொன்னேன். போனை வைத்த கையோடு நஞ்சப்பன் வீட்டுக்குப் போனேன்.

நஞ்சப்பன் ஊட்டியில் வேன் ஓட்டப் போய்விட்டிருந்தார். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது பிடித்துக் கேட்டேன். "வெட்டுறதுன்னா வெட்டுங்கக்கா. தீயே வெச்சாலும் நான் கேக்கறதில்ல. அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து மூக்கம்மாக்காவிடம் போனேன். கண்டிப் பக்கம் பிறந்து, கொழுந்துக் கூடையோடு வளர்ந்து, தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பின ஒப்பந்தத்தில் இந்தக் கரைக்கு வந்தவள். நஞ்சப்பன் தோட்டத்தில் பறிக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. தோட்டம் நின்ற பிறகு காரட் கழுவுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு என்றேன்.

"சாப்பாடு கெடக்கட்டும் தங்கச்சி. அந்த மலையில கை வெச்சே ரெண்டு வருசம் ஆச்சு. எனக்கு என்னா செய்யணும்னு சொல்லு."

"சார் வந்து பாத்தா அசந்து போகோணும். தோட்டம் பழையபடி ஒழுங்கா இருக்கோணும். அவ்வளவுதானுங்க்கா."

"அத நான் பாத்துக்கிறேன்," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை வந்தது.

மறுநாள் எனக்கு அன்னூரில் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் சீர் அது இது என்று ஒரு வாரம் இழுத்துவிட்டது. நானும் எங்கள் வீட்டுக்காரரும் போய்விட்டுத் திரும்பினோம். பஸ் ரெட்டை வளைவுக்கு முந்தின திருப்பத்தில் வரும்போதே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

மலைச்சரிவு முழுக்கப் பழுப்பு. ஒரு இலை இல்லை. முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சி குச்சியாக, மேலிருந்து ஓடை வரைக்கும். குச்சிகளின் மேல் காய்ந்த பெரணித் தழையை வேறு போட்டு மூடி வைத்திருந்தார்கள். பாதை நன்றாகத் தெரிந்தது. பாதையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மூக்கம்மாக்கா கவாத்துப் பண்ணிவிட்டாள். தேயிலைக்காரர்கள் சில வருஷத்துக்கு ஒருதரம் செடியை ஒட்ட வெட்டிவிடுவார்களே, அதுதான். நஞ்சப்பன் கடைசியாக எப்போது பண்ணினாரோ தெரியாது. அவள் கண்ணுக்கு அந்தத் தோட்டம் பழையபடி ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் முதல் வேலை அதுதான். நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கத்தியைத் தீட்டி, ஒரு செடி விடாமல் முடித்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு பட்டுச் சேலையோடு அவள் லயத்து வீட்டுக்குப் போனேன்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? பாதைய மட்டும் தொறந்து உட்டிருந்தா ஆவாதா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன், நல்லாத்தானே வந்திருக்கு? சரிவு முழுக்க ஒரே மட்டமா வெட்டியிருக்கோம். போய்த் தொட்டுப் பாரு."

"அவுங்க புஸ்தகத்துல பச்சைன்னு போட்டிருக்குது! பச்சையப் பாக்கத்தான் அந்த ஆளு வர்றாரு! இங்க சுடுகாடாட்டம் கெடக்குது!"

"வாயக் கழுவு. ரெண்டு பக்கமும் செடி பூத்துக் காய்ச்சுப் பாழாப் போயி நிக்குது. நடுவுல நடக்கிறதுக்கு மட்டும் கொஞ்சம் வெட்டிட்டுக் கத்தியத் தூக்கிட்டு வரச் சொல்றியா? எனக்கு மனசு வரல தங்கச்சி. கவாத்துப் பண்ணின செடி சாகாது. விட்டதுதான் சாகும்."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்க," என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து மூக்கம்மாக்கா மெஸ் பக்கம் டீ குடிக்க வரவில்லை. நானும் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீம்புதான்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்று, ஜஸ்டஸ் வருவது தள்ளித் தள்ளிப் புரட்டாசிக்குப் போயிற்று. எனக்கு அது நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியவில்லை. வருகிற நாளும் வந்தது. நல்ல வெயில் அடித்தது. காலை பஸ்ஸில் இறங்கினார். முன்பு பார்த்ததை விடக் கொஞ்சம் நரைத்திருந்தார். அதே பழைய தொப்பி, கையில் பென்சில்.

அன்றைக்கு நான் ஒரு முடிவோடு இருந்தேன். என்ன ஆனாலும் வாயைத் திறந்து ஒரு கடுஞ்சொல் சொல்லக் கூடாது. தோட்டம்தான் கவிழ்த்துவிட்டது, சாப்பாட்டிலும் மரியாதையிலுமாவது அவரைக் குளிர வைத்துவிட வேண்டும். "வாங்க சார், உக்காருங்க சார், பாதை கொஞ்சம் ஈரமுங்க சார், பாத்துப் போங்க சார்" என்று நான் குழைவதைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் தினத்தாளைத் தாழ்த்தினார்.

ஜஸ்டஸ் யாரையும் கூட அழைத்துக்கொள்ளவில்லை. அது அவர் வழக்கம். புத்தகத்தை நம்பி வருகிறவன் தனியாகத்தானே வருகிறான், நானும் அப்படித்தான் நடந்து பார்க்க வேண்டும் என்பார். அவர் சரிவில் இறங்கி ஓடைப் பக்கம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் திரும்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இலை போட்டேன். அரிசிம்பருப்புச் சோறு, நெய், கத்தரிக்காய், அப்பளம், ரசம், மோர். அவர் யோசித்துக்கொண்டே சாப்பிட்டார். கடைசியில் இலையில் ஒரு கைப்பிடிச் சோற்றை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

எனக்குத் திட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். "பரவால்லீங்க சார். முடியலீன்னா உட்டுருங்க. நாய்க்குப் போட்டுக்கலாமுங்க," என்று சிரித்தேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அக்கா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கறனுங்க?"

அவர் தண்ணீரைக் குடித்து டம்ளரை வைத்தார். பிறகு சொன்னார். "உங்ககிட்ட மறைக்க விரும்பலைக்கா. பாதை நல்லா இருக்கு, யாரும் நடக்கலாம். ஆனா பார்க்க ஒண்ணும் இல்லை. ஒருத்தர் என் எழுத்தை நம்பி ராத்திரி பஸ் ஏறி வர்றார். பச்சைன்னு படிச்சுட்டு வந்தவருக்கு நான் குச்சியைக் காட்ட முடியாது. வேற ரெண்டு எடத்துலயும் இப்படித்தான் எடுத்துட்டேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. என்ன செய்ய? இந்த எடம் செத்துப் போச்சு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கடைசி வார்த்தை என் மண்டையில் ஏறிவிட்டது. பிடித்து வைத்திருந்ததெல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"எது செத்துப் போச்சு? ஏனுங்க, எது செத்துப் போச்சுங்கறேன்? அரை நாள் சுத்திப்போட்டு வந்து செத்துப் போச்சுன்னு சொல்லிப்போடுவீங்களா? கத்தியால ஒட்ட வெட்டுனா செத்ததுன்னு அர்த்தமா? கவாத்துப் பண்ணின செடி சாகாதுங்க. உட்டதுதான் சாகும். மூணு வருசமா நாங்க என்ன பாடு பட்டுட்டு இருக்கறம், இங்க ஆரு செத்துப் போய்ட்டாங்க? நானு உங்க முன்னால நிக்கலியா? எந்திரிங்க. வாங்க, காட்டறேன்."

அவர் அவசரமாக எழுந்தார்.

"உக்காருங்க! மொதல்ல அந்தச் சோத்தத் தின்னுபோட்டு எந்திரிங்க. இருக்கற நெலமையில சோத்த வீணாக்கறதுக்கு வந்துட்டாங்க பெருசா."

ஜஸ்டஸ் உட்கார்ந்து, ஒதுக்கி வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மெஸ் மூலையில் தினத்தாள் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதற்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

விறுவிறு என்று சரிவில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு வருகிறேனே, எதைக் காட்டப் போகிறேன்? சண்டை போட்ட நாளிலிருந்து நான் இந்தப் பக்கமே வரவில்லை. மூக்கம்மாக்கா சொன்ன ஒரு வார்த்தையைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னதற்குத்தான் அவளை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தேன்.

முதல் செடியின் மேல் கிடந்த பெரணியை விலக்கினேன். வெறும் குச்சி. அடுத்ததை விலக்கினேன். வெட்டின இடம் காய்ந்து கறுத்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. ஜஸ்டஸ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. பாதையை விட்டு நாலு செடி உள்ளே தள்ளி, வெயில் விழுகிற ஒன்றிலிருந்து பெரணியை அள்ளி வீசினேன்.

குச்சியின் பக்கவாட்டில் சிவப்பாக ஒன்று முளைத்திருந்தது. உளுந்து அளவு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. குனிந்து பார்த்தால் அந்தச் செடி முழுக்க அப்படித்தான் இருந்தது. அடுத்த செடியிலும், அதற்கடுத்ததிலும்.

"பாருங்க!" என்று கத்தினேன். "நல்லாக் குனிஞ்சு பாருங்க! செத்ததுல மொளை வருமா? மழையிலயும் வெயில்லயும் நாலு பொம்பளைங்க கத்தியப் புடிச்சு வெட்டி, வெயிலு சுட்டுப்போடக் கூடாதுன்னு போத்தி உட்டிருக்கறாங்க. கூலி கேட்டு இல்லீங்க. விக்கறதுக்கு இல்லீங்க. கவாத்துப் பண்ணின செடி சாகாதுங்க சார், நாஞ் சொல்றேன்!"

"நீதான் சொல்ற," என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. விறகுக்காக வெட்டின குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்த மூக்கம்மாக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டாள். பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

ஜஸ்டஸ் மண்ணில் முழங்காலை ஊன்றி அந்த முளைகளை வெகு நேரம் பார்த்தார். பென்சிலை எடுத்தார், ஒன்றும் எழுதாமல் திரும்ப வைத்தார்.

"ரெண்டு மூணு மாசத்துல இது பச்சையாயிரும், சரி. அதுக்கப்புறம் பறிக்க ஆள் இல்லாம மறுபடி காடாப் போனா? இன்னொரு வருசம் மறுபடி வெட்டினா? ஒரு தடவை அச்சடிச்சா அது அஞ்சாறு வருசம் நிக்கணும்க்கா. இங்க என்ன இருக்கும்னு நான் எப்படி எழுதுறது?"

"எனக்குத் தெரியாதுங்க. அடுத்த வருசம் நானே இங்க இருப்பனான்னு தெரியாது. எழுதுனா எழுதுங்க, எழுதாட்டிப் போங்க. செத்துப் போச்சுன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க. நல்லாயிருப்பீங்க."

சாயங்கால பஸ்ஸில் போனார். எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதனால் நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மூக்கம்மாக்கா டீ குடிக்க வந்தாள். "சுடுகாட்டுக்குப் போற வழியில அப்பிடியே வந்தேன்," என்றாள். சர்க்கரையைக் கூடப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். என் மன்னிப்பு அவ்வளவுதான், அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தீபாவளி போயிற்று. கார்த்திகை போயிற்று. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தரும் வரவில்லை. பெங்களூரிலிருந்து போனும் இல்லை. எடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மார்கழியில் சரிவு பச்சை கட்டியது. சுற்றிலும் மற்றவர்கள் தோட்டமெல்லாம் கருகருவென்று காடாக நிற்க, நடுவில் நஞ்சப்பன் தோட்டம் மட்டும் இளம்பச்சையாக, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தளதளவென்று இருந்தது. பிக்கட்டிப் பக்கம் ஏதோ ஒரு பேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறது என்று மூக்கம்மாக்காவும் இரண்டு பெண்களும் கொழுந்து எடுக்கத் தொடங்கினார்கள். நான் மெஸ் வாசலில் நின்று பார்ப்பேன். அழகாகத்தான் இருந்தது. பார்க்க ஆள்தான் இல்லை.

பொங்கலும் வந்தது. சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை. மாட்டுப் பொங்கலன்று பாத்திரங்களை விளக்கிச் சாக்கில் போட்டு, கோணி ஊசியால் வாயைத் தைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் சாக்குகளை வாசலில் வரிசையாக வைத்தார். மறுநாள் காலையில் மஞ்சூரிலிருந்து காய்கறி லாரி வரும், அதில் ஏற்றிக்கொண்டு திருப்பூர் போக வேண்டியது. அடுப்பை அணைத்துச் சாம்பலை அள்ளிக் கொட்டும்போது எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

அப்போதுதான் மத்தியான பஸ் நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். கோயமுத்தூர்ப் பெண்கள், கல்லூரி முடித்த வயசு. முதுகில் பை. ஒருத்தி கையில் நீல அட்டை போட்ட புத்தகம். நான் பார்த்ததே இல்லாத அட்டை.

"ஏனுங்க, ஜானகி மெஸ் இதுங்களா?"

"மூடியாச்சு கண்ணு. ஊரக் காலி பண்றம்."

அவள் தோழியைப் பார்த்தாள். "ஐயோ, ஷண்முகப்ரியா, மூடிட்டாங்களாம்டி," என்றாள். பிறகு என்னிடம், "நீங்கதான் ஜானகியக்காங்களா? உங்ககிட்ட ஒண்ணு கேட்டுப்போட்டுத்தான் நடக்கோணும்னு போட்டிருக்குதுங்க," என்றாள்.

"என்னத்தக் கேக்கோணுமாம்?"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். முகத்தை ரொம்ப அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள். "இந்தத் தோட்டம் செத்துப் போச்சுங்களாக்கா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "எவடி சொன்னா செத்துப் போச்சுன்னு? கண்ணு இருக்குதா இல்லியா உனக்கு? திரும்பிப் பாரு அக்கட்டால! கொழுந்து எடுத்துட்டு இருக்கறாங்க, செத்துப் போச்சாம்! படிச்ச புள்ளைங்களாமா!"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் ஷண்முகப்ரியா புத்தகத்தை வாங்கி, எனக்காகத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள்.

"இந்த நடையில் நீங்கள் என்ன பார்ப்பீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வருஷம் பச்சையாக இருக்கும். ஒரு வருஷம் வெறும் குச்சியாக இருக்கும். ஒரு வருஷம் காடாகவே இருக்கலாம். பாதை ஜானகி மெஸ்ஸிலிருந்துதான் தொடங்குகிறது. இன்றைக்குத் தோட்டம் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். கேட்காமல் கிளம்ப வேண்டாம். செத்துவிட்டதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன்."

அவள் படித்து முடித்துவிட்டுச் சாக்குகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். "நீங்க போயிட்டா இனி வர்றவங்க ஆருகிட்டங்க கேப்பாங்க?" என்றாள்.

வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு வாய் அடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். திருப்பூருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று, லாரிக்குச் சொல்லியாயிற்று. அவர் பெண்களைப் பார்த்தார், பச்சைச் சரிவைப் பார்த்தார். உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்தார்.

வரிசையில் முதல் சாக்கை இழுத்து முன்னால் வைத்து, நான் தைத்த தையலை அறுத்தார். கையை விட்டுத் துழாவினார். அதில் தட்டுகள்தான் இருந்தன. இரண்டாவதையும் அறுத்தார். கரண்டிகள். மூன்றாவது சாக்கில் அரிவாள்மனையை வைத்தபடி நிமிர்ந்து என்னை முறைத்தார்.

"சோத்துச் சட்டிய எந்தச் சாக்குல வெச்சுத் தெச்சுத் தொலச்ச?" என்றார். "புள்ளைங்க பாறைக்குப் போய்ட்டு வந்தா பசியோட வருவாங்க."